பூசணி உள்ளே வந்த கதை

மாங்கொட்டைப்பட்டியில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதைச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஊர் வெள்ளைச்சாமிக்கு மாமன் மகள் பூமயில் என்றால் உயிர். அவன் பெண் கேட்டுப் போன அன்று, மாமா பெரியகருப்பு மகளோடு பழநிக்குப் பாதயாத்திரை கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நான் வர ஒரு மாசம் ஆகும் மாப்ளே. பாட்டில்ல இருக்கிற மணிபிளான்ட் வீட்டுச் செடி, அதுக்கு வெயில் ஆகாது, உள்ளயே இருக்கணும். பூசணி வெளிச் செடி, அதுக்குத் தினமும் வெயில் வேணும், வெளியிலயே இருக்கணும். ஒரு இலை ஒடியக் கூடாது. இடம் மாறிச்சுன்னா பொண்ணு கிடையாது" என்றார்.

வெள்ளைச்சாமி தன் கூட்டாளிகள் சடையனையும் மொக்கையனையும் மாமா வீட்டுக் காவலுக்குச் சேர்த்துக்கொண்டான். மூன்றாம் நாளே வானம் மூடிக்கொண்டது. மொக்கையன் கூரையில் ஏறி முறத்தால் மேகத்தை விசிறினான். சாயங்காலம் வெயில் வந்தது. அதிலிருந்து அவன் பேச்சுக்குத் தனி மரியாதை.

பத்தாம் நாள் பூசணிக்கொடி ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தது.

"வேர் வெளிய, தலை உள்ள. இப்ப இது எந்தச் செடி?" என்றான் சடையன்.

"ஆள் எங்க இருக்கான்னு காலை வச்சா சொல்றோம்? தலையை வச்சுத்தானே" என்றான் மொக்கையன்.

இழுத்தால் இலை ஒடியும். விட்டால் பூமயில் போய்விடுவாள். வெள்ளைச்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"கொடி மேல தப்பில்ல. கூரை இருக்கப் போய்த்தானே அது உள்ள இருக்கு?" என்றான் மொக்கையன்.

மதியத்துக்குள் ஓடு முழுவதையும் பிரித்து இறக்கினார்கள். பூசணி வெளியே வந்துவிட்டது. பார்த்தால் மணிபிளான்டும் வெயிலில் நிற்கிறது. உடனே அதே ஓடுகளை வைத்து முற்றத்தில் அதற்கு முழங்கால் உயரத்தில் ஒரு வீடு கட்டி, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்தார்கள். அப்புறம் மூன்று வாரம் மழை. மூவரும் நனைந்துகொண்டே தூங்கினார்கள். செடி நனையவில்லை என்பதில் வெள்ளைச்சாமிக்குப் பரம சந்தோஷம்.

மாமா திரும்பி வந்தார். நாலு சுவரையும் ஆகாயத்தையும் பார்த்தார். கூடத்தின் நடுவே குடம்போல ஒரு பூசணிக்காய் கிடந்தது.

"வீடு எங்கடா?"

"ரெண்டும் இடம் மாறல மாமா."

அவர் கூடத்தைச் சுற்றி வந்தார், குனிந்து சின்ன வீட்டுக்குள்ளும் பார்த்தார். "ஆமா. பூசணி வெளியதான் இருக்கு, மணிபிளான்ட் உள்ளதான் இருக்கு. பொண்ணு உனக்குத்தான்" என்றார். வெள்ளைச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஊரில் தாலி கட்டுவது பெண் வீட்டுக்குள்தான். உள்ளே என்று சொல்ல மிச்சமிருந்தது ஒரே வீடு. முகூர்த்த நேரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் முற்றத்தில் குப்புறப் படுத்து, ஆளுக்கொரு ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை இரண்டு கையையும் நுழைத்தான்.

"இலை ஒடியுது, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று பூமயிலின் குரல் கேட்டது.

தாலி ஏறிவிட்டது என்று உள்ளிருந்து சேதி வந்ததும், அட்சதை போடுவதற்காகச் சடையன் மேலே ஓர் ஓட்டை நகர்த்தப் போனான்.

"கை வைக்காதே. ஓட்டை எடுத்தா நாங்க வெளிய வந்தமாதிரி ஆயிடும், மறுபடியும் தாலி கட்டணும்" என்றான் வெள்ளைச்சாமி.

நியாயம்தான் என்றார் மாமா. வந்திருந்த நூற்றிருபது பேரும் சின்ன வீட்டின் ஓட்டின் மேலேயே அட்சதையைப் போட்டு, வீடு நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று மனமார வாழ்த்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.