கலப்பைக் கிழங்கு

தன் கையால் ஒரு மாணவனைச் சாகக் கொடுத்த திருமேனி, அவனுடைய கருமாதி முடிந்த கையோடு தன் ஆசானைத் தேடி மலையடிவாரத்துக்கு வந்தான்.

ஊரில் அவனை வைத்தியர் ஐயா என்பார்கள். தலை நரைத்தவன். அவனிடமும் ஏழெட்டுப் பேர் வைத்தியம் படித்தார்கள். ஆனால் ஆசான் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால், செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டுக் குனிந்து வருகிற பழைய திருமேனிதான்.

ஆசான் முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு, "யாரு?" என்றார்.

"திருமேனி, ஆசானே."

"கிட்ட வா. ஏம்டே, குரல் உடைஞ்சிருக்கு?"

"என் கையால ஒரு பையன் செத்துட்டான் ஆசானே."

"சொல்லு."

திருமேனி சொன்னான். செத்தவன் பெயர் பிச்சாண்டி. படித்தவர்களில் அவன்தான் கெட்டிக்காரன். அவனுக்கு வயிற்றுச் சூடு. தண்ணீர்விட்டான் கிழங்கை இடித்துப் பாலில் கலந்து குடித்தால் தணிந்துவிடும். மருந்து அறையில் இரண்டு கூடைகள் இருந்தன. ஒன்றில் அந்தக் கிழங்கு. மற்றதில் கலப்பைக் கிழங்கு. செங்காந்தள் கொடிக்கு அடியில் கலப்பை மாதிரி வளைந்து கிடப்பது அது. வெளிப்பூச்சுக்கு ஆகும். உள்ளே போனால் ஆளைக் கொன்றுவிடும்.

அந்த நேரம் பார்த்து வெளியூர்ப் பண்ணையார் ஒருவர் வந்து, திருமேனியின் கைராசியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்? திருமேனி பேச்சு சுவாரசியத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடைக்குள் கையை விட்டு, வந்ததை எடுத்துப் பிச்சாண்டியிடம் நீட்டிவிட்டான். அவனும் அதை இடித்துப் பாலில் கலந்து குடித்துவிட்டான்.

"பையனுக்குக் கிழங்கு தெரியாதோ?" என்றார் ஆசான்.

"நல்லாத் தெரியும். முந்தின நாள் தோண்டிட்டு வந்ததே அவன்தான்."

"பிறகு?"

"சாகப்போற நேரம் சொன்னான். 'பாத்ததுமே தெரிஞ்சுது. ஆனா ஐயா குடுக்கீங்க. விஷத்தை முறிச்சுச் சுத்தி பண்ணித்தான் வச்சிருப்பீங்கன்னு நெனைச்சேன்' அப்படின்னான்."

மிச்சத்தையும் திருமேனி சொன்னான்.

பிச்சாண்டியின் அப்பா வந்தபோது திருமேனி எதையும் ஒளிக்கவில்லை. மனிதர் கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் தேவலை. அவரோ திருமேனியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "அவன் விதி முடிஞ்சுபோச்சு. ஐயா பேர்ல தப்பு இருக்குமா?" என்று சொல்லிவிட்டு, மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதை நினைக்கும்போதெல்லாம் திருமேனிக்கு நெஞ்சு வெந்தது. இப்போதும் அழுகை வந்துவிட்டது.

"மிச்சப் பிள்ளைக ஒண்ணுகூட வீட்டுக்குப் போகல ஆசானே. நான் வந்து பாடம் எடுப்பேன்னு உக்காந்திருக்கு. எடுக்கவா, பள்ளியை மூடிரவா? நான்லாம் ஒரு வாத்தியாரா? நல்ல வாத்தியாருன்னா யாரு?"

"மருந்து குடிக்கிற நேரமாச்சு. குடிச்சிட்டுச் சொல்லுதேன்."

ஆசான் எழுந்து சுவரோரம் போனார். அங்கேயும் கூடைகள் இருந்தன. ஒன்றில் கையை விட்டுத் துழாவி, ஒரு கிழங்கை எடுத்துச் சங்கிலியிடம் கொடுத்தார். சங்கிலி, திருமேனி போன பிறகு வந்து சேர்ந்தவர். ஆசானுக்குச் சேவகம் செய்தே தாடி நரைத்தவர். தினமும் இந்த வேளைக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கை இடித்துப் பாலில் கலந்து ஆசானுக்குக் கொடுப்பது அவர் வேலை.

சங்கிலி கிழங்கை உரலில் போட்டார். உலக்கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். நிமிர்ந்து திருமேனியைப் பார்த்தார்.

திருமேனியும் பார்த்துவிட்டான். உரலில் கிடந்தது கலப்பை மாதிரி வளைந்திருந்தது.

சங்கிலி தலையைக் குனிந்துகொண்டு இடிக்க ஆரம்பித்தார்.

திருமேனி சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டான். படிக்க வந்த புதிதில் ஒரு தரம், "ஆசானே, இது வேற இலை மாதிரி இருக்கே" என்று அவன் கேட்டிருக்கிறான். ஆசான் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மழைக்காலம் வந்து முடிகிறவரை அவன் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. சோறு மட்டும் வந்தது. அதோடு வாயை மூடியவன்தான். பிறகு அவனும் ஒரு பள்ளி வைத்து, அவனிடம் கேள்வி கேட்டவர்களோடு அதே மாதிரி பேசாமல் இருந்தான். அதற்கு மரியாதை கற்றுக்கொடுப்பது என்று பெயர் வைத்திருந்தான்.

ஆசானுக்குத் தெரியாததா, என்று நினைத்தான். சோதனையாக இருக்கும். இல்லையென்றால் சுத்தி செய்த கிழங்காக இருக்கும். நாம் வாயைத் திறந்தால் இவ்வளவுதானா உன் படிப்பு என்பார்.

சங்கிலி இடித்ததைத் துணியில் பிழிந்து, பாலில் கலந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். ஆசான் வாங்கிக்கொண்டார்.

சுத்தி செய்ததாக இருக்கும். பிச்சாண்டியும் இதையேதான் நினைத்தான். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் ஒரு கணம் திருமேனியின் முகத்தைப் பார்த்தான். திருமேனி அப்போது பண்ணையாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கிண்ணம் ஆசானின் உதட்டுக்குப் போய்விட்டது.

"குடிக்காதீங்க!"

தன் குரல்தானா என்று திருமேனிக்கே சந்தேகமாக இருந்தது.

ஆசான் கிண்ணத்தை இறக்கினார். "என்னது?"

"நீங்க எடுத்தது தப்பு ஆசானே. அது கலப்பைக் கிழங்கு."

ஆசான் மோந்து பார்த்தார். உரலில் கையை விட்டு, ஒட்டியிருந்த சக்கையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சங்கிலி, நீ பாத்தியா?"

"பாத்தேன் ஆசானே."

"பாத்துட்டா இடிச்சே?"

"ஆசானுக்குத் தெரியாமலா..." என்று இழுத்தார் சங்கிலி.

திருமேனி மெதுவாகக் கேட்டான். "எங்களைச் சோதிச்சீங்களோ?"

"சோதனையுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. எனக்குக் கண்ணு மங்கி ரொம்ப நாளாச்சு. கூட இருக்கவன் கண்ணு நல்லாத்தானே இருக்குன்னு தைரியமா இருந்தேன்."

அவர் தரையில் உட்கார்ந்தார். கிண்ணத்துப் பாலைத் தானே மண்ணில் ஊற்றினார். மண் அதை உறிஞ்சி முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருமேனி."

"ஆசானே."

"என்னை மறிச்சுப் பேச உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான் குடுக்கலையே."



"பிச்சாண்டி," என்றான் திருமேனி.

ஆசான் நெடுநேரம் பேசவில்லை. முன்பெல்லாம் அவர் பேசாமல் இருந்தால் திருமேனிக்குப் பயமாக இருக்கும். இப்போது பாவமாக இருந்தது.

"போ. போய்ப் பள்ளியைத் திற. அவன்கிட்ட நீ படிச்சதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடு," என்றார் ஆசான். "என்கிட்ட படிச்சதைச் சொல்லிக் குடுக்காத."