இருமுறை சொல்லாத அரசனின் விருந்து

முன்னொரு காலத்தில் நெய்தலங்குடி நாட்டை மாவரையன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். எந்த நூற்றாண்டு என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லும் கல்வெட்டில் யாரோ மாடு கட்டியிருக்கிறார்கள். அவனுக்கு ஒரு பெருமை: எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டான். "தண்ணீர்" என்பான். சேவகன் காதில் விழாவிட்டால் தாகத்தோடு இருப்பானே தவிர, மறுபடி கேட்கமாட்டான்.

அவனுடைய துறைமுகத்துக்குக் குஜராத்திலிருந்து நான்ஜி சேட் என்ற பெருவணிகர் வந்தார். தம் கப்பல்களை இனி இங்கே நிறுத்துவதா, பக்கத்து நாட்டில் நிறுத்துவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அரசன் அவரை விருந்துக்கு அழைத்தான். அவர் மொழியிலேயே வரவேற்கவும் ஆசைப்பட்டான். கற்றுக்கொடுக்க முந்திக்கொண்டவர் தாண்டவப் பண்டிதர். அமைச்சர் நல்லாதனாரின் பதவிமேல் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண்.

"அரசே, 'கேம் சோ?' என்றால் நலமா. 'மஜாமா' என்றால் நலம். நன்றிக்கு 'ஆபார்'. விடைகொடுக்க 'ஆவ்ஜோ'. சாப்பிடுங்கள் என்பதற்கு 'ஜமோ'."

அரசன் ஒரே காலையில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டான். பட்டத்து யானையைக்கூட "கேம் சோ?" என்று விசாரித்தான். யானைக்காகப் பாகன் "மஜாமா" சொன்னான்.

அமைச்சர் மெல்ல வாயைத் திறந்தார். "அரசே, அந்த வணிகர்கள் விருந்துண்பதைத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். முதலில் அழைத்தால் 'நா, நா' என்று மறுப்பார்கள். அது அவர்கள் மரியாதை. விருந்து வைப்பவரே விடாமல் வற்புறுத்த வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தினால், மனமில்லாமல் அழைத்தார்கள் என்று எழுந்துபோய்விடுவார்கள்."

"நானா? இரண்டாம் தடவையா?"

"அரசே, உங்களைத் தெருவில் கூவும் தயிர்க்காரி ஆக்கப் பார்க்கிறார்!" என்றார் பண்டிதர்.

அரசன் முகம் சிவந்தது. "ஒரே தடவைதான் சொல்வேன். அவர் சாப்பிடாமல் போனால் துறைமுகத்தைக் கவனிக்கும் நீரே பொறுப்பு. உம் பதவி பண்டிதருக்கு!"

விருந்து நாள் வந்தது. "கேம் சோ?" என்றான் அரசன். "மஜாமா!" என்று மலர்ந்தார் சேட். இலையில் நெய் மிதக்கும் போளி.

"ஜமோ."

"நா, நா," என்று சேட் கைகூப்பினார். கண் மட்டும் போளியைவிட்டு அசையவில்லை.

அரசன் வாயை மூடிக்கொண்டான். சேட்டின் முகம் சுருங்கியது. மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தார். பண்டிதரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அடடா!" என்றார் அமைச்சர். "என்ன உச்சரிப்பு அரசே! எனக்கும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுங்கள். எப்படி, 'சம்மா'வா?"

"சம்மாவாவது! ஜமோ!"

தமிழ் அறியாத சேட்டின் காதில் 'ஜமோ' மட்டும்தான் விழுந்தது. பாதி எழுந்தவர், "நா, நா" என்றபடியே உட்கார்ந்தார்.

"நாக்கு புரளமாட்டேன் என்கிறதே..."

"வாயைத் திறந்து சொல்லும் ஐயா! ஜமோ!"

இந்தத் தடவை சேட்டிடமிருந்து ஒரே ஒரு "நா"தான் வந்தது. அதிலும் பாதி சிரிப்பு.

"கிளிகூட இதற்குள் கற்றிருக்கும். இவர் அமைச்சராம்!" என்றார் பண்டிதர்.

"கையை எப்படி வைத்துக்கொள்வது, அரசே?" என்றார் அமைச்சர்.

வாத்தியார் வேகம் ஏறிவிட்டது அரசனுக்கு. இருக்கையைவிட்டு இறங்கி, இலைக்கு முன்னால் குனிந்து இரு கைகளையும் நீட்டினான். "இப்படி! ஜமோ, ஜமோ, ஜமோ!"

சேட்டின் கண் கலங்கிவிட்டது. போளியைப் பிட்டார். அதன்பின் அவர் நிறுத்தவே இல்லை.

கைகழுவியதும் மொழிபெயர்ப்பாளனை வரவழைத்து அவன் மூலம் சொன்னார்: "இப்படி மனதார உபசரித்த அரசரை நான் கண்டதில்லை. என் கப்பல்கள் இனி இங்கேதான். ஆபார்!"

"ஆவ்ஜோ!" என்று வழியனுப்பிய பிறகுதான் அரசனுக்கு உறைத்தது. "அமைச்சரே! என்னை எத்தனை தடவை சொல்லவைத்தீர்?"

"அவரிடம் தாங்கள் ஒரே தடவைதான் சொன்னீர்கள். மற்றதெல்லாம் இந்த மந்தபுத்திக்காரனுக்குச் சொன்னது."

அரசன் முறைத்தான். பிறகு கிரீடம் சரியும்வரை சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான்.

"பண்டிதரே, மொழி தெரிந்த நீர் ஏன் இந்த வழக்கத்தைச் சொல்லவில்லை?"

"அது... இலக்கணத்தில் இல்லை, அரசே."

"அப்படியானால் அது இருக்கும் இடத்துக்குப் போய்க் கற்றுக்கொள்ளும்."

மறுநாளிலிருந்து துறைமுக விருந்து மண்டபத்தில் பண்டிதர் நெய்ச்சட்டியும் கையுமாக, குனிந்து குனிந்து உபசரித்தார். அங்கே உண்ண வந்தவர்களில் ஒருவராவது முதல் அழைப்புக்கே சம்மதித்ததாகத் தகவல் இல்லை.