மலையிறங்கும்போது கைதட்டுவது ஏன்?

கரடிக்கும் மனுஷருக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், ஏழுசுனை மலையின் அடிவாரத்தில் மதிலடி என்று ஓர் ஊர் இருந்தது. கோட்டை கட்டிய ஊர். கோட்டை என்றால் சும்மாவா? சாரம் கட்ட மரம், சுண்ணாம்பு சுடும் காளவாய்க்கு மரம், கதவுக்கு மரம் என்று மலையின் பாதித் தலையை மொட்டையடித்துவிட்டார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கரடி ஒருநாள் எல்லைப்பாறையில் வந்து குந்திக்கொண்டது. "இனி ஒருத்தரும் மேலே வரக்கூடாது" என்றது. அதன் நகத்தைப் பார்த்தபிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அப்புறம் அந்த ஊரில் இருப்பது பெரும்பாடாகிவிட்டது. அருவிச் சத்தம் காதில் விழும், ஆனால் குளிக்க முடியாது. மலை கண்ணெதிரே நிற்கும், ஆனால் ஏற முடியாது. வேலை செய், சாப்பிடு, தூங்கு, வேறொன்றும் கிடையாது. சலித்துப்போய் வீடுவீடாக ஊரைக் காலி செய்தார்கள்.

பெருமாயியின் புருஷன் சின்னாண்டியும் ஒருநாள் காலையில் வண்டியில் சட்டி பானையை ஏற்றத் தொடங்கினான்.

"இந்த ஊர்ல என்ன புள்ள இருக்கு? பாசி பிடிச்ச மதிலும், தொட முடியாத மலையும்தானே?" என்றான்.

பெருமாயிக்கு ஊரை விட்டுப் போக மனசில்லை. பிறந்ததும் அந்த ஊர், வாக்கப்பட்டதும் அந்த ஊர். "பொழுது சாயறவரைக்கும் பொறு மாமா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று எல்லைப்பாறைக்கு நடந்தாள்.

"கரடியண்ணே, வழி விடு."

"எதை எடுக்க வந்தே?"

"எதையும் எடுக்க வரல. சும்மா பாத்துட்டு வாரேன்."

கரடி விழுந்து விழுந்து சிரித்தது. "சும்மாவா! உங்க ஆளுங்கள்ல எவன் இங்க சும்மா வந்தான்? கோடாலியோட வருவான், கூடையோட வருவான். சரி, போ. மேலே போயிட்டு வெறுங்கையோட திரும்பி வா. வந்துட்டா ஊருக்கே வழி விடறேன். ஒரு சுள்ளி கையில இருந்தாலும், இனி இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

"இது ஒரு பெரிய காரியமா!" என்று பெருமாயி ஏறினாள்.

அடேயப்பா, அன்றைக்கு அவள் போட்ட ஆட்டம் இருக்கிறதே! அருவியில் தலையைக் கொடுத்து நின்றாள். வழுக்குப்பாறையில் ஏறி ஏறிச் சறுக்கினாள். கொடியைப் பிடித்து ஊஞ்சலாடினாள். மந்திகள் எல்லாம் கூடிநின்று வேடிக்கை பார்த்தன. உச்சியிலிருந்து குனிந்து பார்த்தால், ஊர்க் கோட்டை கழற்றிவைத்த வளையல் மாதிரி கிடந்தது. 'இவ்வளவு அழகான ஊரிலா இத்தனை நாள் இருந்தோம்' என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாட்டு முனகிக்கொண்டே இறங்கி வந்தாள். எல்லைப்பாறையில் கரடி எழுந்து நின்றது.

"இடுப்புல என்னம்மா?"

குனிந்து பார்த்தாள். கொடியால் இறுக்கிக் கட்டிய ஒரு சுள்ளிக்கட்டு! மனசு பாட்டில் இருக்க, கை அதுபாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆறு வயசிலிருந்து அடிவாரப் புதரில் சுள்ளி பொறுக்கிய கை அல்லவா?

பெருமாயி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "சத்தியமா எனக்கே தெரியாதுண்ணே. ஆசைப்பட்டு எடுக்கல, கை பழகிப்போச்சு" என்றாள்.

"பேச்சு பேச்சுதான்" என்றது கரடி. அதற்கும் வருத்தம்தான்.

அவள் கண்ணைத் துடைத்தாள். கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஊர்ப்பக்கம் போவாள் என்று கரடி பார்த்தால், அவள் மறுபடியும் மேலே ஏறினாள். மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, ஒவ்வொரு சுள்ளியாகப் போட்டுவிட்டு வந்தாள். இறங்கும்போது இந்தக் கையை எப்படி நம்புவது? தட்டத் தொடங்கினாள். பட், பட் என்று வழிநெடுகத் தட்டிக்கொண்டே வந்து கரடியின் முன்னால் நின்றாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"தட்டுற கை எதையும் பொறுக்காதுண்ணே. நீ வழி விட மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் உன் மரத்துச் சுள்ளி உனக்கு வந்து சேரணும்ல?"

கரடி பாறையை விட்டுக் கீழே இறங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னது: "இந்த மலையிலேருந்து கொண்டுபோனவங்களைத்தான் பாத்திருக்கேன். திருப்பிக் கொண்டாந்து வச்சவளை இன்னைக்குத்தான் பாக்கறேன். ஊரைக் கூட்டிட்டு வா, தாயி. இறங்கறப்போ எல்லாரும் இப்படித் தட்டிக்கிட்டு வரணும். குட்டிங்க இருக்கிற இடம், கூட்டம்னா ஆகாது. சத்தம் கேட்டதும் ஒதுங்கிக்கறேன்."

ஈரத்தலையோடு கைதட்டிக்கொண்டு வந்த பெண்டாட்டியைப் பார்த்துச் சின்னாண்டி பயந்துவிட்டான். "என்ன புள்ள, பேய் கீய் பிடிச்சிருச்சா?"

"மாட்டை அவுத்துவிடு மாமா. நாளைக்கு நீயும் வா, சொல்றேன்."

மறுநாள் அவனும் போனான். அருவியிலிருந்து அவனை வெளியே இழுப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வண்டியில் ஏறிய சட்டி பானை எல்லாம் அடுக்களைக்கே திரும்பியது.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: மதிலடிக்காரர்கள் கைதட்டாமல் மலையிறங்குவதில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டால் கரடியும் அவர்கள் வழியில் நிற்பதில்லை.