மூக்குத்திப் பூண்டும் மாசிலாமணியாரும்

நெடுங்குளம் வேலாயுதம் பிள்ளை அவர்களின் மூத்த குமாரரும், அறுபத்து மூன்று வயது நிரம்பியவருமான மாசிலாமணியார், குன்றடி மடத்துத் தலைவி பூங்கோதை அம்மையாரின் முன் கைகட்டி நின்றார். அம்மையார் அவரினும் இருபது வயது இளையவர்.

"அம்மா, ஓராண்டு ஆகிறது. எனக்குத் தீட்சை எப்போது?"

"நந்தவனத்தில் மூக்குத்திப் பூண்டு ஒழிந்த அன்று."

எப்போது கேட்டாலும் அதே விடை.

தரையோடு படர்ந்து, மெல்லிய காம்பின் நுனியில் மஞ்சள் பொட்டாய்ப் பூக்கும் காட்டுச்செடி அது. மாசிலாமணியார் நாள்தோறும் அதை வேரோடு பிடுங்கினார். மடத்து மண் வீணாகலாகாது என்று, பிடுங்கியதை வரப்புக் கல்லில் அடித்து உதறிய பின்பே குப்பைக்குழிக்குக் கொண்டுபோனார். ஒரு மழை பெய்ததும், முன்னிலும் அடர்த்தியாய் முளைத்தது.

"ஐயா களை எடுக்கிறாரா, வெள்ளாமை செய்கிறாரா?" என்பார் மடைப்பள்ளிக் கோமதிநாயகம்.

அன்று வந்த அடியார் ஒருவரிடமும் மாசிலாமணியார் தம் கதையைச் சொன்னார். ஊர்க்கோயில் குடமுழுக்கின்போது மூத்தவராகிய தமக்குரிய பரிவட்டத்தைத் தம்பி சபாநாயகம் தலையில் கட்டிக்கொண்டதையும், ஊரே பார்த்து நின்றதையும், அன்றோடு பேச்சு அற்றுப்போனதையும் விரித்துரைத்து, அனைத்தையும் மன்னித்து மறந்த பின்பே மடத்துக்கு வந்ததாக முடித்தார். வருவோர் எவருக்கும் அவர் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அடியார் போனதும், மீண்டும் களையெடுக்கத் தொடங்கிய மாசிலாமணியார் அருகில் அம்மையார் வந்தமர்ந்தார்.

"வேரைக்கூட விட்டுவைப்பதில்லை, அம்மா. யார்தான் விதைக்கிறார்களோ!"

சொல்லிக்கொண்டே செடியைக் கல்லில் அடித்தார். முற்றிய பூக்களிலிருந்து பஞ்சு விதைகள் கிளம்பின.

அம்மையார் முந்தானையை விரித்துப் பிடித்தார். விதைகள் வந்து ஒட்டின. அதை மாசிலாமணியாரின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"உதறாமல் போடக் கூடாதா, ஐயா?"

"மண் போய்விடுமே."

"போகட்டும்."

மாசிலாமணியார் முந்தானையில் ஒட்டிய விதைகளைப் பார்த்தார். பிறகு அடுத்த செடியை மண்ணோடு இரு கையாலும் ஏந்திச் சென்று குழியில் இட்டார்.

மாலையில் வேறோர் அடியார் வந்தார். பேச்சோடு பேச்சாக, உடன்பிறந்தார் உண்டா என்று கேட்டார்.

மாசிலாமணியார் வாய் திறந்தார். கோமதிநாயகம் மெல்ல மடைப்பள்ளிக்குள் நழுவப் பார்த்தார்.

"ஒரு தம்பி இருக்கிறான்," என்றார் மாசிலாமணியார். "நன்றாகப் பாடுவான்."

அவ்வளவே.

நந்தவனத்தில் பூண்டு இன்னும் பூத்துக் கிடந்தது. அம்மையார் தீட்சைக்குத் திருநீற்றுத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

அன்று ஐப்பசித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை.