வெறுங்கைக்காரன் கத்தி

மலைக்காட்டில் ஒரு சிறு கூட்டம் வாழ்ந்தது. கிழங்கு தோண்டுவார்கள், தேன் எடுப்பார்கள், கிடைத்த அன்று கறி தின்பார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விலங்கை அடித்தவன் அதைப் பங்கு போடக் கூடாது. அன்று வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவன்தான் கத்தி பிடிக்க வேண்டும்.

மழைக்காலம் முழுவதும் அந்தக் கத்தி பொம்மன் கையிலேயே இருந்தது.

அவனுக்கு வில் கற்றுக் கொடுத்த குரு செவணன். வயதில் இளையவன், பொம்மனின் மனைவிக்குத் தம்பி வேறு. மச்சினனிடம் பாடம் கேட்பதே சங்கடம். அந்த மச்சினன் குறி தவறாதவனாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இருவரும் சேர்ந்தே கிளம்புவார்கள். திரும்பும்போது செவணன் தோளில் முயலோ காட்டுக்கோழியோ தொங்கும். பொம்மன் தோளில் வில் மட்டும் தொங்கும்.

"வாங்க கத்திக்காரரே!" என்பாள் பக்கத்துக் குடிசை ரங்கி. அவள் வாய்க்குக் கரடியே வழிவிடும்.

ஒருநாள் பொம்மன் சொல்லிவிட்டான்.

"மாப்ளே, நான் கீழ எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போறேன். அடுத்தவன் அடிச்சதை எத்தனை நாளைக்குத்தான் உக்காந்து தின்னுறது? தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"அக்காவும் புள்ளையும்?"

"கூட்டிட்டுத்தான் போவேன்."

செவணனுக்கு முகம் வாடிவிட்டது.

"சரி மாமா. நாளைக்கு மட்டும் எங்கூட வாங்க."

மறுநாள் ஓடைக்கரையில் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். வெயில் ஏறும் நேரத்தில் மூங்கில் புதரிலிருந்து கேளையாடு என்கிற சின்ன மான் ஒன்று தலை நீட்டியது. அன்று பொம்மனின் அம்பு குறி தவறவில்லை. ஆடு விழுந்ததும் ஓடிப்போய் மண்டியிட்டான். வழக்கப்படி அதன் வாயில் பச்சிலை வைத்து, "எங்க வயித்தை நெறைச்சே, தாயே" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

செவணன் அன்று வெறுங்கையோடு வந்தான்.

குடிசைகளுக்கு நடுவே தேக்கிலைகளை விரித்தார்கள். கத்திக்காகச் செவணன் கை நீட்டினான்.

"இன்னைக்கு மட்டும் நானே போடறேன் மாப்ளே. மொத வேட்டை" என்றான் பொம்மன்.

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். செவணன் தடுக்கவில்லை. ஓர் இலை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

பொம்மன் வெட்டினான். மகள் இலையில் தொடைக்கறி விழுந்தது. தன்னை ஒருநாளும் கேலி பேசாத கிழவர் இலையில் ஈரல் விழுந்தது. ரங்கியின் இலைக்கு வந்தபோது அவன் கை தானாகவே கழுத்தெலும்பைத் தேடி எடுத்தது.

ரங்கி அந்த எலும்பைக் கையில் எடுத்தாள். பக்கத்து இலையை எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் பக்கத்து இலையைப் பார்த்தார்கள். மழைக்காலம் முழுவதும் இவன்தான் பங்கு போட்டான். அப்போதெல்லாம் ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

பொம்மனை வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய்க் கத்தியைச் செவணன் கையில் கொடுத்தான்.

செவணன் கறியை எல்லாம் மறுபடி ஒன்றாகக் கூட்டினான். சதையில் கொஞ்சம், எலும்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு என்று எல்லா இலைக்கும் ஒரே மாதிரி வைத்தான். கடைசியாகப் பொம்மன் இலைக்கு வைத்தான்.

"நல்ல கறிண்ணே. வயிறு குளுந்துச்சு" என்றாள் ரங்கி, சுட்டுத் தின்றபடி. அதில் கேலி இல்லை.

பொம்மனுக்குத் தொண்டையில் அன்று எதுவும் அடைக்கவில்லை. மச்சினன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"உனக்கு இன்னைக்கு ஒண்ணுமே ஆப்படலியா மாப்ளே?"

"ஆப்பட்டுச்சு. கடமான் ஒண்ணு கண்ணு முன்னாலயே நின்னுச்சு."

"அப்புறம் ஏன் அடிக்கலை?"

செவணன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நானும் அடிக்காம வந்திருந்தா?" என்றான் பொம்மன்.

"எல்லாரும் கெழங்கு தின்னிருப்போம்."

"ஏம்ப்பா அப்படிச் செஞ்சே?"

செவணன் எலும்பை இலையில் வைத்தான்.

"மழைக்காலம் பூரா உங்க கையால வாங்கித் தின்னேன் மாமா. ஒருநாளும் கொறையலை. நீங்க மலையை விட்டு எறங்குறதுக்குள்ள என் கையால உங்களுக்கு ஒரு பங்கு போட வேண்டாமா?"