தேதி மட்டும் போடுங்க

தணிகாசலத்தை ஏகாம்பரம் கடைசியாக உயிரோடு பார்த்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலாத்தூர் மனமகிழ் மன்றத்துக் கேரம் போர்டு முன்னால். சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டு, "நாளைக்கும் நான்தாண்டா ஜெயிப்பேன்" என்று சொல்லிப் போனார். விடிந்தபோது அவர் இல்லை.

ஏகாம்பரம் மன்றத்தைப் பெருக்கிக் காவல் காப்பவன். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மன்றத்து நாற்காலிகள்தான் போகும். ஆனால் புதுத் தலைவர் பரமானந்தம், ஓய்வுபெற்ற தாசில்தார், போன வாரம் நாற்காலி அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, தணிகாசலம் வீட்டு வாசல்ல ஜனம் வெயில்ல நிக்குது. சாவி குடுங்க."

"மூணு நாள் முன்னாடி விண்ணப்பம் குடுக்கணும். விதின்னா விதி."

"சாவுக்குமா ஐயா?"

"எமனே வந்தாலும் விண்ணப்பம்தான்!"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏகாம்பரம் உள்ளே போய் ஒரு விண்ணப்பத் தாளும் பேனாவும் கொண்டுவந்து தலைவர் முன்னால் பணிவாக வைத்தான்.

"இது எதுக்கு?"

"உங்களுக்குத்தான் ஐயா. தலைவர் வீட்டுல ஜனம் நிக்கக் கூடாது பாருங்க. பேரு, விலாசம் நான் எழுதிட்டேன். என்னைக்குன்னு தேதி மட்டும் போடுங்க. நாற்காலியைத் துடைச்சு வச்சிடுறேன்."

சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. பரமானந்தம் தாளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், சாவியை மேசைமேல் வைத்தார்.

அறுபது நாற்காலிகளையும் சீட்டாடியவர்களே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஏகாம்பரம் தலை நிமிர்ந்து முன்னால் போனான்.

பல வருடம் கழித்துப் பரமானந்தம் போனபோதும் அதே நாற்காலிகள்தான் போயின. யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை.

அந்த அறைக் கதவில் இன்றும் கொண்டி இருக்கிறது, பூட்டு இல்லை.