புதினாவும் சதகுப்பையும்

தேவசகாயம் பதினெட்டு வருடம் ஒரு சோப்புக் கம்பெனியில் வாசனை பார்த்தவர். நாற்பது வயதுக்கு மேல் வேலையை விட்டுவிட்டு, மணத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பேராசிரியை நப்பின்னையிடம் மாணவராக வந்து சேர்ந்தார். அவரைவிட அவள் இளையவள்.

இரண்டாம் வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. அதோடு மோப்பமும் போனது.

“நான் கிளம்புறேன் மேடம். எனக்கு இனி இங்க என்ன வேலை?”

நப்பின்னை இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தாள். “ரெண்டும் ஒண்ணா, வேறயா?”

அவர் முகர்ந்தார். ஒன்றுமில்லை. எடை பார்த்தார். கொதிநிலை பார்த்தார். வித்தியாசமே இல்லை.

“ஒண்ணுதான்.”

“ஒண்ணு புதினா மணம். இன்னொண்ணு சதகுப்பை விதையோட மணம். அதே மூலக்கூறுதான். கண்ணாடியில பார்த்த மாதிரி இடவலம் மாறியிருக்கு.”

தேவசகாயம் தலைகுனிந்தார். “மூக்கு இருந்தா நொடியில சொல்லியிருப்பேன்.”

“மேசைமேல இருக்கிற தொட்டியில ரெண்டோட ஆவியையும் தனித்தனியா விட்டுப் பாருங்க.”

தொட்டி நீரின்மேல் மெல்லிய கொழுப்புப் படலம் மிதந்தது. நம் உயிரணுக்களைப் போர்த்தியிருக்கும் அதே வகைக் கொழுப்பு. முதல் புட்டியின் ஆவி பட்டதும் படலம் சற்றே நெகிழ்ந்தது. அதை மாற்றிப் புதுப் படலம் விரித்து, இரண்டாவதை விட்டார். இன்னும் அதிகமாக நெகிழ்ந்தது. நம்பாமல் திரும்பத் திரும்பச் செய்தார். அப்படியேதான் வந்தது.

“வெறும் கொழுப்பு மேடம். அதுக்கு எப்படித் தெரியுது?”

நப்பின்னை அவரை வாசலுக்கு அழைத்துப் போனாள். கண்ணை மூடச் சொன்னாள். அவருடைய செருப்புகளை இடம் மாற்றி வைத்தாள்.

“போடுங்க.”

கால் நுழைத்தவர் உடனே இழுத்துக்கொண்டார். “மாறியிருக்கு.”

“பார்த்தீங்களா?”

“இல்ல. உறுத்துச்சு.”

“ஏன் உறுத்துச்சு?”

அவர் கண்ணைத் திறந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

“என் காலும் இடம் வலம்னுதானே இருக்கு” என்றார் மெதுவாக. “அப்ப அந்தக் கொழுப்பும்...”

“அதோட மூலக்கூறும் ஒரு பக்கம் திரும்பினதுதான்.”

அவர் செருப்புகளைச் சரியாக மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: “எனக்கு மோப்பம் திரும்பி வருமா மேடம்?”

“தெரியாது.”

அவர் கண்கள் கலங்கின.

“ஆனா உங்க உயிரணுக்கள் மேலயும் அதே கொழுப்புதான். மணம் இப்பவும் உங்களைத் தொட்டுக்கிட்டுதான் இருக்கு” என்றாள் நப்பின்னை. “சேதிதான் உங்களுக்கு வந்து சேரல.”